பறவைகளின் வருகைப் பதிவேடு

வெள்ளூரணிக்கு மழைக்காட்டுப் பறவைகள் வந்த வருஷம் எது என்று கேட்டால் ஊரில் யாரும் எண்ணில் பதில் சொல்ல மாட்டார்கள். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த குருவம்மாள் பறவை பார்க்க அந்தமானுக்குப் போகத் திட்டம் போட்ட வருஷம் என்றுதான் சொல்வார்கள், சொல்லும்போதே, சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு பச்சை காணாத அந்த ஊரில், இருவாய்ச்சிகள் உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்துபோன கேபிள் ஒயரை அவர்கள் கண் தானாகத் தேடும்.

குருவம்மாளுக்கு ஐம்பத்து நாலு வயசு. காக்காய்க்கும் கரிச்சானுக்கும் வித்தியாசம் தெரியாமலே அதில் ஐம்பத்து மூன்றை ஓட்டிவிட்டவள். பறவைப் பைத்தியம் பிடித்தது அவளுடைய ஒரே மகள் சங்கரேஸ்வரிக்குத்தான். அப்பா இல்லாத பிள்ளை என்று செல்லம் கொடுத்து வளர்த்ததில் அது படித்துப் படித்து, கடைசியில் அந்தமானில் ஒரு தீவின் கடலோரக் காட்டில், கடல் தண்ணீரும் மர வேரும் கட்டிப் புரளுகிற ஓடைக்கரைகளில், மூன்று வருஷமாகக் கானாங்கோழியைத் தேடிக்கொண்டு கிடந்தது. நம் ஊர்க் குளத்தங்கரையில் ஓடுகிற கானாங்கோழி இல்லை. அந்தக் காட்டிலே மட்டும் உள்ளது, செங்காவி நிறம், ரொம்பக் கூச்சம், சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. "மூணு வருஷத்துல முழுசா நாலு தடவைதாம்மா பாத்திருக்கேன்" என்று ஈஸ்வரி போனில் சொல்வாள். "அதான் நாலு தடவை பாத்தாச்சுல்ல, கெளம்பி வா" என்பாள் குருவம்மாள். ஐப்பசி மழையில் ஒருநாள் அவள் தனியாக ஓட்டிப் போன படகு மட்டும் ஓடையிலிருந்து ஆளில்லாமல் மிதந்து வந்தது. பதினாறு நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் எதை எடுப்பது எதை அடக்குவது என்று தெரியாமல், வெள்ளூரணியில் ஒரு பந்தலைப் போட்டு மூன்றாம் நாள் அதைப் பிரித்தார்கள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து குருவம்மாளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. மகள் கடைசியாக நின்ற இடத்தில் போய் ஒரு தடவை நிற்க வேண்டும். அதை அவள் வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும், அழுதால் ஊர் ஆறுதல் சொல்ல வரும், ஊர் சொல்லுகிற ஆறுதலைத் தாங்குகிற தெம்பு அவளிடம் இல்லை. அதனால் ஈஸ்வரியோடு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு கண்மாய் கண்மாயாக அலைந்த மூன்று பேரிடம் போய், "அந்தமானுக்குப் பறவை பாக்கப் போகணும்னு அவ இருக்கும்போதே பேசினீங்களே, போவோம். எனக்கும் பாக்கணும்" என்று மட்டும் கேட்டாள்.

அந்த மூன்று பேரில் மூத்தவர் ரிட்டயர்டு தலைமையாசிரியர் பெத்துராஜ் சார். வெள்ளூரணியில் இன்றைக்கு அறுபதுக்குள் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்தான், குருவம்மாளும் சரி, பிற்பாடு அவள் மகளும் சரி. அடுத்தவர் பல் டாக்டர் ஷாநவாஸ். மூன்றாவது, மின்வாரிய ஆபீசில் வேலை பார்க்கிற லூர்துமேரி. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை டாக்டருடைய கிளினிக்கில், பல் வலிக்காரர்கள் உட்காருகிற பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, நாலு பேரும் திட்டம் போட உட்கார்ந்தார்கள். எந்த மாசம் மழை விடும், எந்தக் கப்பல், வனத்துறை அனுமதிக்கு எந்தப் படிவம், அட்டைப்பூச்சிக்கு என்ன தடவுவது என்று எல்லாம் பேசினார்கள். பேசுவதை எழுதிக்கொள்ளப் பெத்துராஜ் சார் ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். ரிட்டயர் ஆனபோது பள்ளிக்கூடத்தில் மிஞ்சிக் கிடந்த புது வருகைப் பதிவேடு அது. கெட்டி அட்டை, நல்ல தாள், வீணாய்ப் போகிறதே என்று வீட்டுக்கு எடுத்துவந்தது. கை பழக்கம் விடுமா? முதல் பக்கத்தில் வரிசை எண் போட்டு, போகிற நாலு பேர் பெயரையும் எழுதினார். ஐந்தாம் எண்ணிலிருந்து அங்கே பார்க்க வேண்டிய பறவைகளின் பெயரை எழுதினார்: நார்கொண்டம் இருவாய்ச்சி, கரும் மரங்கொத்தி, மரகதப்புறா, மலை மைனா, கடல் கழுகு என்று முப்பத்தொன்று வரைக்கும் போயிற்று. எழுதி முடித்து, விட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்க, பழைய குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வாசித்தார். கானாங்கோழியை மட்டும், குருவம்மாள் எதிரே உட்கார்ந்திருக்கிறாளே என்று, யாரும் சொல்லவில்லை, அவரும் எழுதவில்லை.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு, பள்ளிக்கூடங்களில் பிரேயர் முடிந்து பெயர் கூப்பிடுகிற நேரத்துக்கு, முப்பத்தொன்றாம் எண் வரைக்கும் அத்தனை பறவைகளும் வெள்ளூரணியில் இருந்தன.

எப்படி வந்தன என்று ஊர் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள், பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், அதற்கு டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரே பதில்தான் வந்தது: "பெத்துராஜ் சார் பதிவேட்டுல பேர் எழுதியிருக்காரு, வராம இருக்குமா?" நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலோடும், கையில் கட்டோடும், வீட்டில் இழவு விழுந்த மறுநாளும் அவர் கூப்பிடும்போது எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' சொன்னவர்கள் அவர்கள். பறவைக்கு மட்டும் என்ன கொம்பு முளைத்திருக்கிறது என்றார்கள். இருவாய்ச்சிக்கு மூக்கின்மேல் முளைத்திருக்கிறதே என்று ஒருவர் சொல்ல, இருந்தாலும் வந்துதானே தீரணும் என்று இன்னொருவர் முடித்துவைத்தார்.

ஆனால் பாருங்கள், வந்த விருந்தாளிக்குச் சோறு போட வேண்டுமே. இருவாய்ச்சிக்கு அத்திப்பழம் வேண்டும், புறாவுக்குக் காட்டுப்பழம் வேண்டும், இங்கே இருப்பதோ கருவேலங்காய். ஒரு வாரம் ஊர் திகைத்தது, பிறகு வழக்கம்போலப் பழகிக்கொண்டது. பெண்கள் மொட்டைமாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் பப்பாளியை இரண்டாகப் பிளந்து வைத்தார்கள். குழாயடியில் ஆளுக்கு ஒரு குடம் அதிகம் பிடித்துத் தகரத் தொட்டியில் ஊற்றினார்கள், தண்ணீர் வராத நாளில் அந்தத் தொட்டிக்காகவே சண்டையும் போட்டார்கள். கரும் மரங்கொத்தி டெலிபோன் கம்பத்தைக் கொத்துகிற சத்தத்துக்குப் பிள்ளைகள் தூங்கப் பழகிவிட்டன. கிளி ஜோசியர், தன்னுடைய கிளி மலை மைனாவைப் பார்த்துப் பார்த்துச் சீட்டெடுக்க மறந்துவிட்டது என்று, கூண்டைத் திறந்துவிட்டுப் பப்பாளி விற்கப் போனார். கல்யாண மண்டபத்தில் புறா இல்லாமல் போட்டோ எடுத்தால் பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள். இருந்தும் பறவைகள் இளைத்துக்கொண்டேதான் வந்தன. ஈரம் இல்லாத காற்றில் அவற்றின் சிறகில் இருந்த பச்சையும் நீலமும் மங்கின, காலையில் ஒரு தடவை கூவிவிட்டுப் பிறகு நாள் முழுக்க நிழல் தேடி உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க ஊர் பழகிக்கொண்டது.

கடல் கழுகு மட்டும் பழகவில்லை. கடல் இல்லாத ஊரில் அது என்ன செய்யும், பாவம். சந்தைக்கு வருகிற மீன் கூடைகளுக்குள்ளேயே இறங்கியது. மீன்கார அம்மாக்கள் திரண்டுபோய்ப் பெத்துராஜ் சார் வீட்டு வாசலில் நின்றார்கள். பதிவேட்டில் இருந்து ஒரு பெயரைச் சும்மா அடிக்கக் கூடாது, அதற்கு டி.சி. கொடுக்க வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம். ஆகவே குருவம்மாள் கடையில் ஒரு வெற்று மாற்றுச் சான்றிதழ்ப் படிவத்தை ஐம்பது பிரதி எடுத்துக்கொண்டு போய், அதில் ஒன்றைக் கடல் கழுகுக்கு நிரப்பிக் கையெழுத்துப் போட்டு, சிவப்பு மையால் பெயரை அடித்தார். மறுநாள் கழுகு இல்லை. பிறகு மதுரையிலிருந்து கேமராவோடு வந்தவர்கள் கெஞ்சினார்களே என்று அதே வரியில் அதன் பெயரைத் திரும்ப எழுதிப் பார்த்தார். இரண்டு தடவை, மூன்று தடவை எழுதினார். டி.சி. வாங்கிப் போனது வரவே இல்லை.

இதற்கு நடுவில் அந்தமான் திட்டம் என்ன ஆயிற்று? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குருவம்மாள் மட்டும் சரியாகப் பத்து மணிக்குக் கிளினிக்குக்குப் போனாள், நிரப்பிய அனுமதிப் படிவங்களை நாலு நாலு பிரதி எடுத்து உறையில் போட்டுக்கொண்டு.

"அக்கா, எதுக்கு மூணு நாள் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு? எல்லாமே வீட்டு வாசலுக்கு வந்துருச்சே" என்றார் ஷாநவாஸ். கேலியாகச் சொல்லவில்லை, நல்ல மனசோடுதான் சொன்னார்.

"நீங்க பாக்க ஆசப்பட்டீங்க. இப்ப பாத்தாச்சுல்லக்கா" என்றாள் லூர்துமேரி.

குருவம்மாள் உறையை மடியில் வைத்துக்கொண்டு, "இல்ல, போயிட்டு வந்துருவோம்" என்றாள். எதற்கு என்று அவர்கள் கேட்பதற்குள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் காளிராஜ் போன் செய்தான். ஈஸ்வரிக்குப் படகோட்டியவன், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், மாசம் ஒரு தடவை குருவம்மாளிடம் பேசுவான். "அம்மா, என்னன்னு தெரியல, இங்க காடு வாயக் கட்டுன மாதிரி இருக்கு. பொழுது விடிஞ்சா ஒரு சத்தம் இல்ல. அக்கா தேடுன கானாங்கோழி மட்டும் ஓடைக்குள்ள கத்துது, அது ஒண்ணுதான் கேக்குது" என்றான். குருவம்மாள் போனை வைத்துவிட்டு வெகுநேரம் இயந்திரத்தின் கண்ணாடிமேல் எதையும் வைக்காமல் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள், வெள்ளைத் தாளாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

யாரும் வராவிட்டால் தனியாகப் போகிறேன் என்று திங்கட்கிழமை மத்தியானம் மதுரை பஸ் ஏறினாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத் தன் கடை ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வியாழக்கிழமை சென்னை வரைக்குமே போய்விட்டாள், துறைமுகத்தின் வாசலைக் கண்ணால் பார்த்தாள், வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்குத் திரும்பவும் ஷட்டருக்கு முன்னால். மூன்றாம் தடவை லூர்துமேரியின் தம்பி காரில் கூட்டிப்போனான். பக்கத்து சீட்டில் பேசிக்கொண்டே வந்தவளைக் காணவில்லை என்று விழுப்புரத்துக்குப் பக்கத்திலிருந்து பதறிப்போய்ப் போன் பண்ணினான், அப்போது குருவம்மாள் கடையைத் திறந்து யாருக்கோ ஆதார் கார்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். ஷாநவாஸ் சேலத்தில் இருக்கிற மாமனார் வீட்டுக்குப் போன இடத்திலிருந்து, வாயில் பிரஷ்ஷோடு, அதே ஒன்பதேகாலுக்குத் தன் கிளினிக் வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயம் பிடிபட்டது. பதிவேட்டில் ஐந்தாம் எண்ணிலிருந்துதான் பறவைகள். முதல் நாலு எண் அவர்கள். பெயர் இருக்கிறவர்கள் ஒன்பதேகாலுக்கு ஆஜராகத்தானே வேண்டும்.

"போக முடியலன்னா விடுங்கக்கா, நாங்க ஒண்ணு செய்யிறோம்" என்றார் ஷாநவாஸ். சொன்னவர் அன்றைக்கே பெத்துராஜ் சாருக்குத் தெரியாமல் பதிவேட்டை எடுத்து, முப்பத்திரண்டாம் எண்ணில், தன் கோணல் கையெழுத்தில், கானாங்கோழி என்று எழுதிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. ஒரு தாய்க்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார்.

மறுநாள் ஒன்பதேகாலுக்கு அது வந்தது. செங்காவி நிறத்தில், நீளக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, தாலுகா ஆபீஸ் ரோட்டைக் குறுக்கே கடந்து, ஜெராக்ஸ் கடைக்குள் போய், இயந்திரத்துக்கு அடியில் இருந்த இருட்டில் ஒண்டிக்கொண்டது. ஊரே கடை வாசலில் கூடிவிட்டது. மூன்று வருஷம் மகள் தேடிய பறவை தாயைத் தேடி வந்துவிட்டது என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள், யாரோ கற்பூரம் வாங்க ஓடினார்கள். குருவம்மாள் முழங்காலில் உட்கார்ந்து தரையோடு தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள். அது ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்கு உடைந்தது. ஊர் முன்னால், தரையில் கிடந்தபடியே, வாய்விட்டு அழுதாள்.

"அங்க அவளுக்குத் துணைக்கு இது ஒண்ணுதானே இருந்துச்சு. இதையும் கூப்பிட்டுட்டீங்களே. இனி அந்தக் காட்டுல எம் பிள்ளைக்கு யாரு இருக்கா?"

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது, அவள் பறவை பார்க்கப் போகவில்லை என்பது. கற்பூரம் வாங்கி வந்தவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை.

சாயங்காலம் குருவம்மாள், தாள் கட்டு வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, கானாங்கோழியை உள்ளே விட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு பெத்துராஜ் சார் வீட்டுக்குப் போனாள். அவர் விஷயம் கேள்விப்பட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். ஈஸ்வரி பேர எழுதிப் பாத்தீங்களா?"

அவர் பக்கத்தில் இருந்த பதிவேட்டின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். "பறவைங்க வந்த அன்னைக்கே எழுதினேன் தாயி. கூப்பிட்டேன். மறுநாளும் கூப்பிட்டேன். தினமும் கூப்பிட்டேன்."

"வரலையா?"

"ஒரு பேரு ரெண்டு பதிவேட்டுல இருக்க முடியாது குருவம்மா. அங்க சேத்துக்கிட்டாங்க. டி.சி. இல்லாம நான் எப்படி இங்க எடுக்கிறது? அங்க யார்கிட்ட போயி டி.சி. கேக்கிறது?"

குருவம்மாள் தலையாட்டினாள். அவளுக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எங்க ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுங்க" என்றாள்.

"ரெண்டு பேருன்னா?"

"இதுக்கும் எனக்கும்."

"என்ன பேசுற நீ? வாங்கிட்டுப் போனா திரும்ப வர முடியாது, தெரியும்ல. நீ பொறந்த ஊரு. உங்கூடப் பொறந்த அக்கா இருக்கா, வீடு இருக்கு, கடை இருக்கு. அம்பது வருஷம் முன்னால உம் பேர ஒண்ணாம் வகுப்புல எழுதினவன் நான், இப்ப என் கையாலயே அடிக்கச் சொல்றியா?"

"நீங்கதான சார் எழுதினீங்க. வேற யாரு அடிக்க முடியும்?"

அவர் உள்ளே போய்ப் படிவங்களையும் பேனாவையும் எடுத்து வந்தார். கானாங்கோழிக்கு முதலில் நிரப்பினார், அதில் ஒரு சிக்கலும் இல்லை. பிறகு குருவம்மாளுக்கு. பெயர் எழுதினார், பிறந்த தேதி கேட்காமலே எழுதினார், அவருக்கு அது ஞாபகம் இருந்தது. நடத்தை என்ற இடத்தில், எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுதிய மாதிரியே, நன்று என்று எழுதினார். விலகுவதற்கான காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. முப்பத்தாறு வருஷமும் அந்த இடத்தில் அவர் எழுதியது ஒரே காரணம்தான்: பெற்றோருக்குப் பணி மாறுதல்.

"இதுல என்னன்னு எழுத?"

"பிள்ளைக்கு மாறுதல் ஆயிருச்சு. தாய் கூடப் போறான்னு எழுதுங்க சார்."

அவர் அதை அப்படியே எழுதினார். சிவப்பு மைப் பேனாவைத் திறந்து முப்பத்திரண்டாம் எண்ணை அடித்தார், அப்புறம் முதல் பக்கத்தைத் திருப்பினார், நாலு பெயரில் கடைசியாக இருந்ததை அடிக்கும்போது கோடு நேராக வரவில்லை.

புதன்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு ஊர் முழுக்க வந்தது. கடைச் சாவியை லூர்துமேரியிடம் கொடுத்தாள், அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். யாரும் போகாதே என்று சொல்லவில்லை, போய்விட்டு வா என்று சொல்லவும் வாய் வரவில்லை. நம் ஊரில் வழியனுப்ப வேறு என்ன வார்த்தை இருக்கிறது? பஸ் கிளம்புகிற வரைக்கும் எல்லோரும், சாப்பிட்டியா, தண்ணி எடுத்துக்கிட்டியா என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம், யாரும் யாரையும் கூப்பிடாமலே, ஊர் அந்த ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து நின்றது. வரக்கூடாது என்று நினைத்தவர்களும் வந்துவிட்டால் தேவலை என்று நினைத்தவர்களும் ஒன்றாகவே நின்றார்கள், ஒவ்வொருவரும் இரண்டையும் நினைத்தார்கள் என்பதுதான் உண்மை. ஒன்பதேகால் ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. பூட்டிய ஷட்டருக்கு முன்னால் அந்த இடம் காலியாகவே இருந்தது. யாரும் நகரவில்லை. பத்து மணிக்கு டாக்டர் ஷாநவாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற பெத்துராஜ் சாரிடம் மெதுவாகச் சொன்னார்: "போய்ச் சேந்துட்டாங்க சார்."

இந்தத் தடவை திரும்பி வராமல் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். அந்த வார்த்தைக்கு நமக்குள் இன்னொரு அர்த்தம் இருப்பது, சொல்லி வாயை மூடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர் மாற்றிச் சொல்ல வாயெடுத்தார். பெத்துராஜ் சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.